மானிட்டர், கீபோர்டு இல்லாமலே வெங்காயப் பட்டறைக்கு ஒரு குட்டிக் கணினி

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம், ஆலத்தூர், பாடாலூர் சுற்றுவட்டாரத்தில் சின்ன வெங்காயம் போடும் விவசாயிகளுக்குப் பட்டறை என்பது சேமிப்புக் கணக்கு மாதிரி. தை, மாசியில் எடுத்த காயை விலை வரும்வரை வைத்திருப்பவர்கள் உண்டு. வைகாசி நடவுக்கு விதைக்காயாக வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் பயம் ஒன்றுதான். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், கையை விட்டுக் கிளறினால் உள்ளே சூடும் வாடையும் வரும். அப்போது தெரிந்து பயனில்லை.

வெங்காயத்தைச் சாதாரணச் சேமிப்பில் வைக்க வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் என்பது பரிந்துரை. ஈரப்பதம் அதற்கு மேலே பல மணி நேரம் நின்றால் அழுகலும் முளைப்பும் வரும். மிகவும் குறைந்தால் காய் சுருங்கி எடை போகும். நம் ஊர் சித்திரை வெயிலில் பட்டறையை 30 டிகிரிக்குள் நிறுத்துவது நடக்காத காரியம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஈரப்பதத்தைக் காற்றோட்டத்தால் ஓரளவு நம் கைக்குள் வைக்கலாம். கோடை மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். மழை விட்ட பிறகு எப்போது திறப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இரவு முழுக்க மூடிய தார்ப்பாய்க்குள் ஈரப்பதம் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரிவதில்லை. தானியங்கி வானிலை நிலையம் சொல்வது திறந்தவெளிக் காற்றின் கணக்கு. பட்டறைக்குள் இருக்கும் கணக்கு வேறு.

இதை இரவு பகலாக அளந்து எழுதி வைக்க ஒரு சிறிய கணினிப் பலகை போதும் என்று பயிற்சிகளில் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கணினி என்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் வாங்கணுமே சார், பட்டறையில் அதையெல்லாம் எங்கே வைப்பது?" எதுவும் வேண்டாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை வைக்கும் கிடங்குக்கும், மக்காச்சோள மூட்டை அடுக்கும் கொட்டகைக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து, தினமும் இரண்டு வேளை போய்ப் பார்க்கிறீர்கள் என்றால் கடையில் கிடைக்கும் சாதாரண ஈரப்பதமானி ஒன்றை வாங்கித் தொங்கவிடுங்கள், அதுவே போதும். பட்டறை தோட்டத்தில், வீடு ஊருக்குள் என்றிருப்பவர்களுக்கும், இரவு நேரக் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கும், இரண்டு மூன்று இடத்தில் காய் வைத்திருப்பவர்களுக்கும்தான் கணினிப் பலகை.

எது வாங்குவது?

ராஸ்பெரி பை என்ற பலகை 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி நிரல் எழுதப் பழக வேண்டும் என்று செய்யப்பட்டது, பிறகு தொழிற்சாலை, ஆய்வகம், பண்ணை என்று எங்கும் போய்விட்டது. இதில் பல வகை உண்டு. நம் வேலைக்கு 2021 அக்டோபரில் வந்த ஜீரோ 2 டபிள்யூ போதும். நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வைஃபை உள்ளேயே இருக்கிறது. வெளிவந்தபோது விலை 15 டாலர். நம் ஊரில் வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து கூடுதலாக இருக்கும், வாங்கும் அன்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். சென்சார் மாட்டும் ஊசிகள் பற்றவைக்கப்படாமல் வரும் பலகையும் உண்டு, பற்றவைத்ததும் உண்டு. பற்றவைத்ததையே கேட்டு வாங்குவது நல்லது.

பலகையோடு 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, அதை லேப்டாப்பில் செருக ஒரு கார்டு ரீடர், 5 வோல்ட் 2.5 ஆம்பியர் தரும் மைக்ரோ யுஎஸ்பி சார்ஜர் ஒன்று. சார்ஜரில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பழைய போன் சார்ஜரைப் போட்டு, பலகை தானாக அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்துவிட்டு "போர்டு கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்கள் அதிகம். கார்டையும் பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். வெளியே 32 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே குறைவாக இருக்கும் போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய.

லேப்டாப் ஒரு அரை மணி நேரத்துக்குத்தான் தேவை. வீட்டில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருந்தால் முயன்று பாருங்கள். பழைய விண்டோஸ் மக்கர் செய்தால் அதோடு மல்லுக்கட்டாமல், தெரிந்தவரிடம் வேறு ஒன்றை வாங்கி வேலையை முடித்துவிடுங்கள்.

எல்லாம் கார்டு எழுதும்போதே முடிவாகிவிடும்

இந்தப் பலகைக்கு உள்ளே வன்தட்டு எதுவும் கிடையாது. அதன் இயங்குதளம் முழுவதும் அந்த எஸ்டி கார்டில்தான் இருக்கிறது. மானிட்டர் உள்ள கணினி என்றால் முதல் தடவை எரியும்போது திரையில் கேள்வி கேட்கும்: உன் பெயர் என்ன, வைஃபை எது, பாஸ்வேர்டு என்ன என்று. நமக்குத் திரை இல்லை. அதனால் அந்தக் கேள்விகளுக்கான பதிலை முன்கூட்டியே கார்டில் எழுதி அனுப்புகிறோம். வெளியூர் போகும் பிள்ளையிடம் முகவரி, பணம், போன் நம்பர் எல்லாம் சீட்டில் எழிதிக் கொடுத்து அனுப்புவதைப் போல. சீட்டில் ஒரு எழுத்து தப்பினால் பிள்ளை வீடு போய்ச் சேராது.

ராஸ்பெரி பை நிறுவனத்தின் இணையதளத்தில் இமேஜர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை லேப்டாப்பில் நிறுவுங்கள். கார்டைச் செருகி, எந்தப் பலகை, எந்த இயங்குதளம், எந்தக் கார்டு என்று மூன்றையும் தேர்வு செய்ய வேண்டும். இயங்குதளத்தில் "லைட்" என்று முடியும் வகையை எடுங்கள், ஐகான், ஜன்னல் எதுவும் இல்லாதது. திரையே இல்லாத கணினிக்கு அலங்காரம் எதற்கு. எந்தக் கார்டு என்பதில் கவனம்: லேப்டாப்பில் பேரப்பிள்ளை படம் வைத்திருக்கும் பென்டிரைவும் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். தேர்வு செய்த கார்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

அடுத்து அமைப்புகளை மாற்றும் இடம் வரும். இமேஜரின் பதிப்புக்குப் பதிப்பு திரை மாறும், கேட்கும் விவரம் மாறாது. கணினியின் பெயர் கேட்கும். பட்டறை என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள். இரண்டு பட்டறை இருந்தால் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் சேருங்கள். பயனர் பெயரும் சிறிய எழுத்தில்தான். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும்; மாட்டுப் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்தது வேண்டாம். பிறகு வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, நாடு இந்தியா, நேரம் ஆசியா கொல்கத்தா. கடைசியாக, தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வசதியான எஸ்எஸ்எச் என்பதை இயக்க வேண்டும், பாஸ்வேர்டு மூலம் நுழையும் முறையைத் தேர்வு செய்ய வேண்டும். இந்த ஒன்றை மறந்தால் பலகை நன்றாக வேலை செய்துகொண்டே இருக்கும், நமக்குத்தான் கதவு திறக்காது.

கொடுத்த விவரம் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கார்டு எழுதி முடித்ததும் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கலாம். கார்டில் இரண்டு பகுதி இருக்கிறது, அதில் ஒன்றை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. ரத்து செய்துவிடுங்கள். சரி என்று அழுத்தினால் எழுதியது போய்விடும்.

யூடியூப்பில் பழைய தமிழ் வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்டில் எஸ்எஸ்எச் என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பையும், வைஃபை விவரம் எழுதிய இன்னொரு கோப்பையும் போடச் சொல்வார்கள். வைஃபை கோப்பு முறை 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து வேலை செய்வதில்லை. பை என்ற பயனர் பெயர், ராஸ்பெரி என்ற பாஸ்வேர்டு என்று எல்லாப் பலகைக்கும் பொதுவாக இருந்த சாவியும் 2022 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. நிறுத்தியது நல்லதுதான். தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றித்தான் 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. நம் பட்டறையில் திருட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது வெங்காயம் இல்லை, நம் கணினியும் இணைப்பும்.

எந்த வைஃபை?

தோட்டத்தில் பிராட்பேண்டு இருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் போன் ஹாட்ஸ்பாட்தான். இங்கேதான் என் அனுபவத்தில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு பயிற்சியில் பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, பலகை மட்டும் இணையவே இல்லை. மூன்று முறை கார்டை அழித்து எழுதியும் அதே கதை. கடைசியில் பார்த்தால் என் போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தது. ஜீரோ 2 டபிள்யூ பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 2.4 என்று மாற்றினால் வேலை முடிந்தது. ஐபோனில் இதற்கு இணக்கத்தை அதிகப்படுத்தும் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட வேண்டும்.

அதே இடத்தில் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ 2 என்று வையுங்கள். யாரும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் வசதி பல போன்களில் போட்டே வரும், அதை நிறுத்திவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் பெயரைத் தமிழிலோ, இடைவெளி விட்டோ வைத்திருந்தால் எளிய ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பது நினைவிருக்கட்டும்.

நீங்கள் வெளியே போகும்போது போனும் கூடவே போய்விடுமே என்று கேட்பீர்கள். அளப்பதும் எழுதி வைப்பதும் வைஃபை இல்லாமலே நடக்கும். நீங்கள் பட்டறைப் பக்கம் வந்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் பலகை வந்து ஒட்டிக்கொள்ளும், கணக்கை எடுத்துப் பார்க்கலாம். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றால் பழைய போன் ஒன்றைச் சிம் போட்டுப் பட்டறையிலேயே விட வேண்டும்.

முதல் முறை எரியவிடுதல்

கார்டைப் பலகையில் செருகுங்கள். ஜீரோ 2 டபிள்யூவில் ஒரே மாதிரி இரண்டு யுஎஸ்பி துளை இருக்கும். ஓரத்தில் இருப்பதுதான் மின்சாரத்துக்கு, பக்கத்திலேயே பவர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சார்ஜரைச் செருகியதும் சிறிய பச்சை விளக்கு துடிக்கும். முதல் முறை அது கார்டு முழுவதையும் தனக்கேற்றபடி விரித்துக்கொண்டு, தானே ஒருமுறை அணைந்து எரியும். ஐந்து நிமிடமாவது கைவைக்காமல் விடுங்கள். பொறுமையில்லாமல் பிளக்கைப் பிடுங்கினால் கார்டை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து லேப்டாப்பையும் அதே ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று பேசும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எஸ், எச் என்று மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, நீங்கள் கொடுத்த பயனர் பெயர், அட் குறி, கணினியின் பெயர், ஒரு புள்ளி, லோக்கல் என்ற சொல். இவ்வளவையும் தட்டி என்டர் அழுத்துங்கள். அட் குறியிலிருந்து லோக்கல் வரை இடைவெளி கூடாது. முதல் முறை இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். யெஸ் என்று மூன்று எழுத்தையும் முழுதாகத் தட்ட வேண்டும், ஒய் மட்டும் போதாது. பிறகு பாஸ்வேர்டு கேட்கும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காமல் முழுதாகத் தட்டி என்டர் அழுத்துங்கள். உங்கள் பயனர் பெயரும் கணினிப் பெயரும் பச்சை எழுத்தில் வந்து நின்றால் உள்ளே போய்விட்டீர்கள். இனி லேப்டாப்பின் கீபோர்டும் திரையும்தான் அந்தக் குட்டிக் கணினியின் கீபோர்டும் திரையும்.

லேப்டாப் இல்லாமல் ஆண்ட்ராய்டு போனிலிருந்தே நுழைய டெர்மக்ஸ் போன்ற செயலிகள் இருக்கின்றன. பழகிய பிறகு தோட்டத்தில் அதுவே வசதி.

பதிலே வரவில்லை என்றால்

உடனே கார்டை அழித்து எழுதக் கிளம்ப வேண்டாம். பச்சை விளக்கு எரியவே இல்லையென்றால் சார்ஜர், கார்டு இரண்டில் ஒன்று. விளக்கு துடிக்கிறது, ஆனால் போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இணைந்த கருவிகள் பட்டியலில் உங்கள் பட்டறை இல்லை என்றால் வைஃபை விவரத்தில் கோளாறு, 2.4, பாஸ்வேர்டு, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று வரிசையாகப் பாருங்கள். பட்டியலில் இருக்கிறது, லேப்டாப்தான் கண்டுபிடிக்கவில்லை என்றால் பெயர் தேடும் வசதியில் சிக்கல். பெயருக்கும் லோக்கலுக்கும் பதில் ஐபி எண்ணைத் தட்டினால் திறந்துவிடும். அந்த எண்ணைச் சில போன்கள் காட்டும், சில காட்டாது.

எண்ணைக் காட்டாத போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி. விண்டோஸ் லேப்டாப்பிலேயே மொபைல் ஹாட்ஸ்பாட் வசதி உண்டு. போன் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டுக்கு அச்சு அசலாக அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் கொடுத்து, அலைவரிசையை 2.4 என்று வையுங்கள். பலகைக்குப் பெயரும் பாஸ்வேர்டும்தான் அடையாளம். போனா லேப்டாப்பா என்று அது பார்க்காது. இணைந்ததும் அதன் பெயரையும் ஐபி எண்ணையும் அந்தப் பக்கத்திலேயே லேப்டாப் காட்டிவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கார்டை மறுபடி எழுதுங்கள், பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். அப்படி எழுதிய பிறகு நுழையும்போது, கணினியின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ ஏமாற்றலாம் என்று லேப்டாப் பெரிதாகக் கத்தும். நீங்களே மாற்றியதுதான், பயப்பட வேண்டாம். எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையில் பெரிய ஆர் எழுத்தைச் சேர்த்து அந்தப் பெயரின் பழைய அடையாளத்தை நீக்கச் சொன்னால் நீக்கிவிடும். எதையும் மாற்றாமலே இந்த எச்சரிக்கை வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்.

மின்தடையும் வெயிலும்

கட்டளை கொடுத்து அணைக்காமல் மின்சாரத்தைத் துண்டித்தால் கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று கோப்பு கெடும். எஸ், யு, டி, ஓ என்று தட்டி இடைவெளி விட்டு, பவர்ஆஃப் என்று சேர்த்துத் தட்டுங்கள். விளக்கு முழுதாக அணைந்த பிறகே பிளக்கைக் கழற்றலாம். இது நாமாக அணைக்கும்போது. மின்வாரியம் அணைத்தால்? மும்முனை மின்சாரம் வரும்போது மட்டும் உயிர் பெறும் மோட்டார் லைனில் இதை மாட்டாதீர்கள். வீட்டு லைன் எட்டாத இடத்தில், சார்ஜ் ஏறும்போதே மின்சாரம் கொடுக்கும் பவர்பேங்க் ஒன்றை இடையில் வையுங்கள். சில பவர்பேங்குகள் மின்சாரம் போய் வரும் கணத்தில் ஒரு நொடி துண்டித்துவிடும். வாங்கியதும் பிளக்கைப் பிடுங்கிச் செருகிச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பலகையில் தனியாக ஓடும் கடிகாரம் கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கிறது. இரவு மின்சாரம் போய், இணையம் இல்லாமல் எழுந்தால் பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். விடியற்காலை 4 மணி ஈரப்பதத்தை இரவு 11 மணி என்று எழுதி வைக்கும். அதைப் பார்த்துத் தார்ப்பாயை எப்போது திறப்பது என்று முடிவெடுத்தால் தப்பாகிவிடும். பட்டறையில் நிரந்தர இணையம் இல்லாதவர்கள் பேட்டரி வைத்த சிறிய கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்து மாட்டிக்கொள்வது நல்லது.

சென்சார் மாட்டும்போது இரண்டு விஷயம். டிஎச்டி 22 போன்ற ஈரப்பத சென்சாருக்குப் பலகையின் 3.3 வோல்ட் ஊசியிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். அளவு படிக்கும் ஊசிகள் 5 வோல்ட்டைத் தாங்காது, பலகை கருகும். சென்சாரைப் பலகையோடு ஒரே பெட்டிக்குள் வைக்காதீர்கள். பலகை தன் சூட்டையே அளந்து, ஈரப்பதம் குறைவு என்று நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருக்கும், உள்ளே காய் அழுகிக்கொண்டிருக்கும். ஒயரை நீட்டி, சென்சாரைக் காற்றோட்டமுள்ள குழாய்த் துண்டுக்குள் வைத்து, குவியலின் நடுவில், மண் படாத உயரத்தில் வையுங்கள். பலகை வெளியே நிழலில், தகரக் கூரையை ஒட்டாமல், பல்லியும் எறும்பும் போகாத பெட்டியில் இருக்கட்டும்.

முதல் ஒரு வாரம் சென்சார் காட்டும் எண்ணைச் சாதாரண ஈரப்பதமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 70-க்கு மேல் தொடர்ந்து நின்றால் தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தூக்கிவிடுவது, குவியலைப் புரட்டி அழுகலைப் பொறுக்குவது என்று வழக்கமான வேலையைத்தான் செய்யப் போகிறோம், வாடை வருவதற்கு முன்பே செய்யப் போகிறோம்.

கார்டு எழுதுவதிலும் நுழைவதிலும் தடுமாறினால் ஊரில் பாலிடெக்னிக், பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள், ஒரு மாலையில் முடித்துவிடுவார்கள். பட்டறை அமைப்பு, காய் பதப்படுத்துதல், சேமிப்பு நோய்கள் குறித்த ஆலோசனைக்குப் பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் வாலிகண்டபுரத்தில் உள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையத்தையும், அரியலூர் மாவட்ட விவசாயிகள் சோழமாதேவியில் உள்ள கிரீடு வேளாண் அறிவியல் மையத்தையும் அணுகலாம். போகும்போது ஒரு வாரக் கணக்கை நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.